வாசலில் எத்தனை படி என்று கேட்டவர்கள்

போன வாரம் நந்தினி போன் செய்தாள். தஞ்சாவூரில் நான் வேலை பார்த்த, அடுக்குமாடி வீடுகள் கட்டி விற்கும் நிறுவனத்தில், இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

“அக்கா, அடுத்த மாசத்துலேர்ந்து முதல் போனை மெஷினே பேசப் போகுதாம். தமிழ்லயே பேசுமாம். என் வேலை என்னாகும்னு பயமா இருக்கு. நீங்க இருந்தப்பதானே லீட் எல்லாம் தானா வந்து விழ ஆரம்பிச்சிச்சு? அப்ப உங்களுக்கு எப்படிக்கா இருந்திச்சு?”

எனக்குப் போனில் நீளமாகப் பேச வராது. “எழுதி அனுப்பறேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன். ஒரு பக்கத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தது, இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

நான் படித்தது பிளஸ் டூ வரைக்கும். பிறகு தட்டச்சு கற்றுக்கொண்டேன். ஒரு அரிசி ஆலையில் சில வருடங்கள் பில் போட்டேன். அங்கிருந்து இந்த நிறுவனத்துக்கு வந்தபோது அது ஒரே ஒரு அறை. மனை பிரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அறை அலுவலகமாகி, மனை மாடி வீடுகளானபோது நானும் கூடவே இருந்தேன், ஓய்வு பெறும் வரை. இத்தனை வருடத்தில் நான் வாடிக்கையாளர்களிடம் நேருக்கு நேர் பேசியது மிகவும் குறைவு. போன் அடித்தால் ஏதோ ஃபைல் தேடுகிற மாதிரி அலமாரிப் பக்கம் போய்விடுவேன். அது அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும். “அக்கா அலமாரிக்குப் போயிட்டாங்க, யாராச்சும் போனை எடுங்கப்பா” என்று சுரேஷ் சத்தமாகச் சொல்வான். சுரேஷும் பிரகாஷும் விற்பனைப் பிரிவில் இருந்தார்கள்.

வீடு வேண்டும் என்று யாராவது தன் பெயரையும் எண்ணையும் கொடுத்தால், அதற்கு எங்கள் தொழிலில் லீட் என்று பெயர். அந்த நாளில் அது நாலா பக்கத்திலிருந்தும் வரும். வீடு விற்பனை இணையதளங்களிலிருந்து மின்னஞ்சலாக வரும். ஃபேஸ்புக் விளம்பரத்தைப் பார்த்துச் சிலர் படிவம் நிரப்புவார்கள். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வைத்த போர்டைப் பார்த்து மிஸ்டு கால் கொடுப்பார்கள். திருவாரூர்த் தேருக்குப் போய்க் கடை போட்டால் துண்டுச் சீட்டுகள் ஒரு பை நிறைய வரும். காலையில் வந்ததும் நான் இவ்வளவையும் எக்செலில் அடித்து, அச்செடுத்து, கத்தரியால் பட்டை பட்டையாக வெட்டி மேஜையில் வைப்பேன். விற்பனைப் பையன்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள். வெளிநாட்டு எண் இருக்கிற பட்டைக்கு அடிதடி. உள்ளூர் எண் இருக்கிற பட்டை டீ கிளாசுக்கு அடியில் ஈரமாகிக் கிடக்கும். அதை எடுத்து யாராவது கூப்பிட்டால், “நேத்தே வேற இடத்துல அட்வான்ஸ் குடுத்துட்டேங்களே” என்று பதில் வரும்.

எங்கள் மேலாளர் வரதராஜன் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டுப் பேசமாட்டார். தன் காபி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு நம் மேஜைக்கு வருவார். வாடிக்கையாளர் உட்காருகிற நாற்காலியில் உட்காருவார். “சொல்லுங்க” என்பார். பிறகு வாயே திறக்கமாட்டார். நாம் பேசி முடித்து, இன்னும் ஏதோ பாக்கி இருப்பதாக நினைத்து அதையும் சொல்லிவிடும் வரை காபியை ஆற்றிக்கொண்டே இருப்பார். தவறு நடந்திருந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் திட்டி நான் கேட்டதில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். “இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கவங்களுக்கு இது எப்படித் தெரியும்?” அதற்குப் பதில் சொல்ல வரும்போதே நமக்குத் தவறு புரிந்துவிடும்.

விற்பனையில் அவர் வைத்திருந்த சட்டம் ஒன்று. இல்லாத ஆளைச் சொல்லி அவசரப்படுத்தக் கூடாது. இந்தத் தொழிலில் “இன்னொரு பார்ட்டி கேக்கறாங்க, சீக்கிரம் சொல்லுங்க” என்பது எல்லோரும் சொல்கிற வசனம். எங்கள் அலுவலகத்தில், நிஜமாகவே இன்னொருவர் கேட்டிருந்தால்தான் அதைச் சொல்லலாம்.

ஒருநாள் அவர் டம்ளரோடு என்னிடம் வந்தார். கூடவே பவித்ரா என்று ஒரு பெண். மென்பொருள் பொறியாளர். வாடிக்கையாளர் விவரங்களை வைத்துக்கொள்ளும் மென்பொருள் ஒன்றை நிறுவனம் வாங்கியிருந்தது. சி.ஆர்.எம். என்பார்கள். நாலா பக்கத்திலிருந்து வரும் லீட்களும் மனிதக் கை படாமல் நேராக அதற்குள் போய் விழும்படி இணைப்புக் கொடுக்கத்தான் அவள் வந்திருந்தாள்.

“அப்ப நான் என்ன சார் செய்யறது?” என்று கேட்டேன்.

“பார்த்து அடிக்கிறதை அது செய்யட்டும். வந்து விழறதை நீங்க படிங்க. இத்தனை நாளா நம்மள்ல யாரும் படிக்கல, அடிக்க மட்டுந்தான் நேரம் இருந்திச்சு” என்றார்.

இணைப்பு வேலை நான் நினைத்த மாதிரி ஒரு பட்டனைத் தட்டுவது அல்ல. ஒரு தளம் பெயரை முழுசாக அனுப்பும். இன்னொன்று முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டாக உடைத்து அனுப்பும். எந்தத் தளத்தின் எந்தக் கட்டம் எங்கள் மென்பொருளின் எந்தக் கட்டத்தில் விழ வேண்டும் என்று பவித்ரா ஒவ்வொன்றாகக் கோடு போட்டு இணைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பழைய மின்னஞ்சல்களைப் படித்துக் காட்டினேன். நம் பக்கத்தில் இனிஷியலை முன்னால் போடுகிறவர்கள் அதிகம். அதனால் முதல் சில நாள் சுரேஷ் ஆள் ஆளுக்குப் போன் செய்து, “வணக்கம், எஸ் சார்ங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்தான். எதிர்ப்பக்கத்தில் ஒருவர், “எஸ் எங்கப்பாங்க, அவர் காலமாயிட்டாரு, நான் மாரிமுத்து பேசறேன்” என்றிருக்கிறார். அன்றைக்கே பவித்ரா அதைத் திருத்தினாள்.

எண் விஷயத்தில் விதி எளிமையானது. ஒரே எண்ணிலிருந்து இரண்டு தடவை விசாரணை வந்தால், மென்பொருள் அதை ஒரே ஆள் என்று எடுத்துக்கொண்டு சேர்த்துவிடும். வேறு வேறு எண் என்றால் வேறு வேறு ஆள். அப்போது எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

சோதனை நாள் நன்றாக நினைவிருக்கிறது. பவித்ரா என்னிடம், “உங்க போன்ல எங்க படிவத்தை நிரப்பி அனுப்புங்கக்கா” என்றாள். வாசல் பக்கம் போய் நின்று என் பெயரையும் எண்ணையும் போட்டு அனுப்பினேன். உள்ளே திரும்புவதற்குள் என் போன் அடித்தது. எடுத்தேன்.

“வணக்கம் மேடம். எங்க வீடுகளைப் பத்திக் கேட்டிருந்தீங்க. உங்களுக்கு எத்தனை பெட்ரூம் தேவைப்படும்?”

அறைக்கு அந்தக் கோடியில் சுரேஷ் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து அவ்வளவு பணிவாகப் பேசிக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போல வாயடைத்துப் போனேன். “மேடம், லைன்ல இருக்கீங்களா மேடம்?” என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, பிரகாஷிடம் திரும்பி, “பேச மாட்டேங்குதுப்பா. நம்ம அக்கா மாதிரியே ஒரு கேஸு” என்றான். பிரகாஷ் திரையில் பெயரைப் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

இப்படித்தான் அது ஓட ஆரம்பித்தது. துபாயில் ஒருவர் படிவத்தை அனுப்பினால் கண் மூடித் திறப்பதற்குள் இங்கே திரையில் விழும். பெயர், எண், எந்தக் கட்டடம், என்ன கேட்டார், எந்த வழியில் வந்தார், எல்லாம் இருக்கும். முறை வைத்து ஒவ்வொரு விற்பனையாளருக்கும் அதுவே பிரித்துக் கொடுக்கும். கொஞ்ச நேரத்துக்குள் அவர் கூப்பிடாவிட்டால் அடுத்தவருக்குத் தள்ளிவிடும். உள்ளூர் எண், வெளிநாட்டு எண் என்ற பாகுபாடு அதற்குக் கிடையாது. டீ கிளாசுக்கு அடியில் வைக்கவும் முடியாது. சம்பா அறுத்து நெல்லை விற்ற கையோடு விசாரிக்கிற நீடாமங்கலத்துக்காரருக்கும், துபாய்க்காரருக்குப் போகிற அதே வேகத்தில் போன் போனது. அது எனக்குப் பிடித்திருந்தது.

சறுக்கலும் இருந்தது. முதல் ஆடி மாதம் வந்தபோது திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. பல தடவை பேசியும் முடிவு சொல்லாதவர்களை மென்பொருள் ஆர்வமில்லாதவர் என்று மூடிக்கொண்டே வந்தது. பார்த்து வைத்துவிட்டு ஆவணி பிறக்கட்டும் என்று காத்திருந்தவர்கள் அவ்வளவு பேரும் கணக்கிலிருந்து போய்விட்டார்கள். வரதராஜன் சார் வந்து உட்கார்ந்து, திரையைப் பார்த்து, “ஆடியில யாரும்மா அட்வான்ஸ் குடுப்பா?” என்று கேட்டுவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். சார் கூப்பிட்டுச் சொன்னதும் பவித்ரா போனிலேயே சிரித்தாள். “எங்கம்மாவே ஆடியில ஒரு பாத்திரம் வாங்க மாட்டாங்க சார். எனக்கே தோணாம போச்சு பாருங்க” என்றாள். அப்புறம் ஆவணி வரை பொறு என்று ஒரு விதி சேர்த்தாள்.

இனி ஹாஜிரா டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். என் வேலைக் காலத்தில் என்னைப் பேச வைத்த விஷயம் அது ஒன்றுதான்.

தஞ்சாவூர்ப் புறநகரில் மூன்று தளமாக ஒரு சின்னக் கட்டடம் கட்டியிருந்தோம். லிஃப்ட் கிடையாது. கீழ்த்தளத்தில் வண்டி நிறுத்துமிடம் போக ஒரே ஒரு வீடு. மற்றதெல்லாம் மாடியில். அந்தக் கீழ் வீட்டைக் கேட்டு ஒரே வாரத்தில் இரண்டு லீட் வந்தது. ஒன்று எங்கள் சொந்த இணையதளம் வழியாக, ஹாஜிரா பர்வீன் என்ற பெயரில், உள்ளூர் எண். இன்னொன்று வீடு விற்பனைத் தளம் வழியாக, முகமது ஜமாலுதீன், துபாய் எண். முறைப்படி முதலாவது சுரேஷுக்குப் போனது, இரண்டாவது பிரகாஷுக்கு. இரண்டையும் நான் படித்தேன். அந்த வாரம் படித்த ஏராளமானவற்றில் அவையும் இரண்டு.

ஹாஜிரா தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். சொந்த ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடலோரம். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, மாப்பிள்ளைக்குத் தஞ்சாவூரிலேயே வேலை. வங்கிக் கடன் போட்டுத் தானே வீடு வாங்கப் போவதாகச் சுரேஷிடம் சொல்லியிருந்தார்.

துபாய்க்காரர் பிரகாஷிடம் சொன்னது வேறு கதை. தங்கைக்கு வீடு வாங்க வேண்டும். சின்ன வயசில் காய்ச்சல் வந்து ஒரு கால் சூம்பிப்போனது, தடி வைத்துத்தான் நடப்பாள். கீழ் வீடுதான் வேண்டும். அவர்கள் ஊரில் கல்யாணமாகும் பெண்ணுக்கு வீடு கொடுப்பது வழக்கம், மாப்பிள்ளை அங்கே வந்து இருப்பார். வாப்பா, அதாவது தகப்பனார், இல்லாத வீட்டில் அது அண்ணன் பொறுப்பு. ஆனால் தங்கை பிடிவாதக்காரி, அண்ணன் காசு வேண்டாம் என்பாள். அதனால் பத்திரம் பதிகிற வரைக்கும் யாருக்கும் மூச்சு விடக்கூடாது.

இந்தக் கடைசி விஷயம்தான் எங்கள் பக்கத்தில் எல்லோரிடமும் இருப்பது. எந்தச் சாதி, எந்த மதமானாலும் சரி, பத்திரம் பதியும்வரை வீடு பார்க்கிறோம் என்று வாயைத் திறக்கமாட்டார்கள். கண் பட்டுவிடும், காரியம் தட்டிப்போய்விடும். கூடப் பிறந்தவரிடம்கூடச் சொல்லமாட்டார்கள். ஹாஜிராவும் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. படிவத்தில் தன் காலைப் பற்றியும் எழுதவில்லை. கீழ் வீடு காலியாக இருக்கிறதா, வாசலில் எத்தனை படி என்று மட்டும் கேட்டிருந்தார். வேறு பெயர், வேறு எண், வேறு நாடு. மென்பொருளுக்கு அவர்கள் இரண்டு வாடிக்கையாளர்கள்.

சுரேஷ் ஹாஜிராவைக் கூப்பிட்டபோது திரையில் இன்னொரு பெயர், பிரகாஷ் எழுதிய குறிப்போடு, நிஜமாகவே இருந்தது. அதனால் சட்டத்தை மீறாமலேயே சொன்னான். மத்தியானம் டீ குடிக்கும்போது எங்களிடம் அதை விவரித்தான்.

“இன்னொரு பார்ட்டியும் இதையேதான் கேக்கறாங்க மேடம், சீக்கிரம் சொல்லுங்கன்னேன். யாருன்னாங்க. பேர் சொல்லக் கூடாது, ஆனா நடக்க முடியாத தங்கச்சிக்காகக் கேக்கறாங்களாம்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். அப்புறம் சொல்றாங்க, ‘அப்ப அந்தப் பொண்ணுக்கே குடுத்துருங்க, எனக்கு மாடியில இருந்தா காட்டுங்க’ன்னு. விலையைப் பத்திக்கூட ஒரு வார்த்தை பேசல. இந்தக் காலத்துல இப்படி ஒருத்தங்கக்கா.”

பிரகாஷ், “நல்லதாப் போச்சு. என் பார்ட்டி ஞாயித்துக்கிழமை பாக்க ஆள் அனுப்பறாங்க” என்றான்.

ஞாயிற்றுக்கிழமைதான் ஹாஜிராவுக்கும் விடுமுறை. தனியாக வருவதால் கூட ஒரு பெண் இருந்தால் நல்லது என்று கேட்டிருந்தார். வரதராஜன் சார் என்னைப் போகச் சொன்னார். “நான் என்ன சார் பேசுவேன்?” என்றேன். “பேச வேணாம். கூட நில்லுங்க, போதும்” என்றார்.

ஆட்டோவிலிருந்து ஹாஜிரா இறங்கியபோது முதலில் வெளியே வந்தது ஒரு தடி. பிறகுதான் அவர் வந்தார். சுரேஷ் என்னைப் பார்த்தான். அவனுக்கு அதுவரை தெரியாது. எங்களுக்கு எதுவும் ஓடவில்லை. கால் முடியாத ஒருவர், கால் முடியாத இன்னொருவருக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று மட்டும்தான் புரிந்தது.

இரண்டாவது மாடி வீடு. சுரேஷ் சாவியை எடுத்துக்கொண்டு மேலே ஓடிவிட்டான். நான் அவருக்குப் பின்னால் ஏறினேன். தடியை ஒரு படி மேலே ஊன்றி, நல்ல காலைத் தூக்கி வைத்து, மற்ற காலை இழுத்துச் சேர்த்து, மறுபடியும் தடி. முதல் மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். அவர் முழங்காலை நீவிக்கொண்டிருந்தார். பிறகு என்னையும் அறியாமல் கேட்டேன்.

“கீழ் வீட்டையே கேக்கலாமேங்க?”

“வேணாங்க. அந்தப் பொண்ணுக்கு என்னைவிட முடியலையோ என்னமோ. எனக்கு ஸ்கூல்ல மாடி ஏறிப் பழக்கம்தான்.”

“தினமும் ஏறணுமே.”

“ஏறுவேன். நான் வாங்குற முதல் வீடு. ஒருத்தி வாயில மண்ணைப் போட்டு அதுக்குள்ள போக வேணாம்னு பாக்குறேன்” என்று சிரித்தார். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது.

அப்போது கீழே பேச்சுச் சத்தம் கேட்டது. பிரகாஷின் குரல், வயதான ஒருவர் குரல், அப்புறம் போனின் ஒலிபெருக்கியிலிருந்து இன்னொரு குரல்.

“மாமா, வாசலைக் காட்டுங்க. கீழ காட்டுங்க மாமா, நீங்க வானத்தைக் காட்டுறீங்க. ஆங், அந்தக் கல்லு வழுவழுன்னு இருக்கா? அவ தடியை ஊணுனா வழுக்குமான்னு காலை வச்சுப் பாருங்க.”

ஹாஜிரா தலையைத் தூக்கினார். “இது எங்க காக்கா குரல்” என்றார். அவர்கள் ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். “காக்கா துபாய்லல்ல இருக்கு.”

ஏறியதைவிட வேகமாக இறங்கினார். கீழ் வீட்டு வாசலில் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். கையில் நீட்டிப் பிடித்த போன். ஹாஜிராவைப் பார்த்ததும் போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

“மாமா, நீங்க எங்க இங்க?”

“நான் சும்மா. ஒரு ஆள் வீடு பாக்கச் சொன்னாரு. நீ எங்கம்மா இங்க?”

“நானும் சும்மாதான்.”

முதுகுக்குப் பின்னாலிருந்து போன் பேசியது. “மாமா, இருட்டா இருக்கு. யாரு அங்க?”

ஹாஜிரா கையை நீட்டினார். மாமா போனைக் கொடுத்துவிட்டு, எங்களைப் பார்த்து இனி நம் கையில் ஒன்றுமில்லை என்பதுபோல நின்றார்.

“நீ எதுக்குடி அங்க நிக்கிறே?” என்றார் காக்கா.

“வீடு பாக்க வந்தேன். மாடி வீடு.”

“மாடியா? உனக்கு எதுக்கு மாடி?”

“கீழ் வீட்டை விட்டுக் குடுத்துட்டேன் காக்கா. யாரோ நடக்க முடியாத பொண்ணுக்குக் கேட்டாங்களாம்.”

மாமாதான் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். “அந்தப் பொண்ணு நீதாம்மா.”

இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் அண்ணன் தங்கைக்கு அங்கேயே சண்டை வந்துவிட்டது. உன் காசு வேண்டாம் என்று நான் சொன்னேனா இல்லையா என்று இவர். வாப்பா இருந்திருந்தால் உன்னைக் கடன் வாங்க விடுவாரா என்று அவர். கடைசியில் காக்கா, “அப்ப எனக்கு அந்த வீடு வேணாம்” என்றார். ஹாஜிரா, “எனக்கும் வேணாம்” என்று சொல்லிவிட்டுச் சுரேஷிடம் திரும்பினார். அவன் மேலேயிருந்து இறங்கி வந்து சாவியோடு நின்றிருந்தான்.

“இன்னொரு பார்ட்டின்னீங்களே, எங்க காக்காவையேதான் சொன்னீங்களா? எங்களை எங்களுக்கே போட்டியா விட்டா யாருங்க உங்களை நம்புவாங்க?”

தினமும் மணிக்கணக்கில் பேசுகிற சுரேஷும் பிரகாஷும் தரையைப் பார்த்தார்கள். ஹாஜிரா ஆட்டோவைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார். அந்த வீட்டை விட்டால் அந்த விலைக்கு, அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில், வேறு கீழ் வீடு கிடையாது. அது எனக்குத் தெரியும். வரதராஜன் சாருடைய கேள்வி என் காதில் இருந்தது. இந்தப் பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்? ஏமாற்று வேலையாகத்தான் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்திருக்கும்.

“டீச்சர், ஒரு நிமிஷம் நில்லுங்க” என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

கையிலிருந்த டேப்லட்டில் இரண்டு பதிவையும் அடுத்தடுத்துத் திறந்து அவரிடமே கொடுத்தேன். “நாங்க யாரும் ஜோடிக்கலைங்க. நீங்க அனுப்புனது அப்படியே இதுல வந்து விழுந்திருக்கு. இது உங்களோடது, இது உங்க காக்காவோடது. படிச்சுப் பாருங்க.”

அவர் படித்தார். முதல் பதிவில் அவர் கேட்டிருந்தது: வாசலில் எத்தனை படி? இரண்டாவதில் காக்கா கேட்டிருந்தது: வாசலில் எத்தனை படி, தடி வைத்து ஏற முடியுமா?

இன்னும் ஒரு கேள்விதான் எனக்குத் தோன்றியது. போனைப் பார்த்துக் கேட்டேன். “சார், பத்திரம் யார் பேர்லங்க போடணும்?”

“அவ பேர்லதான். வேற யார் பேர்ல?” என்றார் காக்கா.

“டீச்சர், உங்களுக்கு?”

“என் பேர்லதான்.”

“அப்ப ரெண்டு பேரும் கேக்கறது ஒரே வீட்டைத்தானே” என்றேன். டேப்லட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு தள்ளி நின்றேன்.

மாமாதான் மீதியைப் பார்த்துக்கொண்டார். வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பேச விட்டார். பேசிப் பேசி இப்படி முடிந்தது: வீடு ஹாஜிராவின் கடனில், ஹாஜிராவின் சம்பளத்தில். வாசல் காக்காவுடையது. படியை எடுத்துவிட்டுச் சரிவாகத் தளம் போட்டு, இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்துத் தருவார். “சொரசொரப்பான கல்லா போடணும்” என்று போனில் நாலு தடவையாவது சொன்னார். “சரி காக்கா. வாசலை நீயே வச்சுக்க” என்றார் ஹாஜிரா. அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது.

மறுநாள் வரதராஜன் சார் டம்ளரோடு வந்து உட்கார்ந்தார். “சொல்லுங்க” என்றார். நான் சொன்னேன். அவர் காபியை ஆற்றினார். நான் மறுபடியும் சொன்னேன். “ஒரு எண்ணை ஒரு ஆள்னு வச்சிருக்கோம் சார். இங்க ஒரு எண் ஒரு ஆள் இல்ல. ஒரு வீட்டுக்கு நாலு பேர் நாலு ஊர்லேர்ந்து கேப்பாங்க, ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க மாட்டாங்க.”

பவித்ரா அன்று போனில் கேட்ட கேள்விகளுக்கு அளவில்லை. நாலு பேருக்கும் பொதுவாக என்ன இருக்கும் அக்கா என்றாள். நான் யோசித்தேன். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஊரில் ஒரு வீட்டுப் பெயர் உண்டு. மணியக்காரர் வீடு, பத்துக்கட்டு வீடு என்று. ஹாஜிராவுடையது தோணிக்காரர் வீடு. “அதைக் கேட்டா சொல்வாங்களா?” என்றாள். “வீடு வாங்கறதை மறைப்பாங்க. வீட்டுப் பேரை மறைக்க மாட்டாங்க” என்றேன். படிவத்தில் இரண்டு கட்டம் புதிதாக வந்தது. யார் குடியிருக்கப் போகிறார்கள்? அவர்கள் ஊர், வீட்டுப் பெயர் என்ன? அதைச் சேர்க்க முடியாத தளங்களிலிருந்து வந்தவர்களிடம், முதல் போனிலேயே கேட்டு நிரப்பச் சொன்னோம். ஊரும் வீட்டுப் பெயரும் ஒத்துப்போனால் மென்பொருள் இரண்டு லீட்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே விற்பனையாளரிடம் கொடுத்துவிடும்.

அது வேலை செய்கிறதா என்று தெரிய அதிக நாள் ஆகவில்லை. கீழ் வீட்டுக்கு ஹாஜிரா அட்வான்ஸ் கொடுத்து, பத்திரத்துக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு லீட் விழுந்தது. தஞ்சாவூர் எண், புதுப் பெயர். யார் குடியிருக்க? நான் கல்யாணம் செய்துகொள்ளப் போகும் பெண். வீட்டுப் பெயர்: தோணிக்காரர் வீடு. விசாரணை: கீழ்த்தளத்தில் வீடு இருக்கிறதா, வாசலில் எத்தனை படி?

மென்பொருள் அதை ஹாஜிராவின் பதிவுக்குக் கீழே கொண்டுபோய் வைத்து, சுரேஷிடம் கொடுத்திருந்தது. சுரேஷ் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கேட்டிருப்பது ஹாஜிராவின் மாப்பிள்ளைதான். வரதராஜன் சார் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். ஒரு வாடிக்கையாளர் விஷயத்தை இன்னொருவருக்குச் சொல்லக் கூடாது. சொல்லாமல் விட்டால் மாப்பிள்ளை வேறு எங்காவது போய் இன்னொரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்.

சுரேஷ் போனை என் பக்கம் நீட்டினான். நான் அலமாரிக்குப் போகவில்லை. வாங்கிப் பேசினேன்.

“வணக்கம் சார். கீழ் வீடு போயிடுச்சுங்க.”

“அப்படியா? ரொம்பத் தேடிட்டேங்க. அவங்களுக்கு மாடி ஆகாது” என்றார். குரலில் ஏமாற்றம் தெரிந்தது.

“சார், வேற எங்கயும் முடிவு பண்றதுக்கு முன்னாடி, உங்க வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பேசுங்களேன்.”

“அவங்ககிட்ட சொல்லல. பத்திரம் ஆகட்டும்னு.”

“பரவாயில்லைங்க. இன்னிக்கே கேளுங்க.”

சாயங்காலம் ஹாஜிராவிடமிருந்து எனக்கு ஒரு செய்தி வந்தது. சிரித்துக் கண்ணில் நீர் வழிகிற படம் வரிசையாக ஒரு வரி முழுக்க. அதற்குக் கீழே, ‘அவர் கேட்டுட்டாருங்க. சன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அவரோடதாம்’ என்று இருந்தது.

நந்தினி, நீ பயப்படாதே. பார்த்து அடிக்கிற வேலையை மெஷின் எடுத்துக்கொண்டபோது எனக்குப் படிக்க நேரம் கிடைத்தது. முதல் போனை அது பேசினால் உனக்கு இரண்டாவது போன் பேச நேரம் கிடைக்கும். பவித்ராவைப் பார்த்தால் நான் கேட்டதாகச் சொல். அந்த மெஷின் வணக்கம் சொல்லட்டும், எத்தனை பெட்ரூம் என்று கேட்கட்டும். போனை வைக்கும் முன்னால் இந்த ஒரு வரியை மட்டும் அதற்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்: “எதுக்கும் உங்க வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டுப் பேசுங்க.”